உருளைக்குள் போன கை

ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில் மொத்தம் எட்டு வீடு. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால், மூன்றாம் வீட்டில் தும்மினால் ஐந்தாம் வீட்டில் கஷாயம் வைத்துவிடலாம். எனக்குக் காது கொஞ்சம் நீளம் என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசிக்கொண்டதும் எனக்குக் கேட்டது.

என் வீடு மூன்றாவது. நான்காவதில் கருப்பசாமியும் பொற்கொடியும். கோவில்பட்டிப் பக்கம். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் சிப்காட்டில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் கம்பெனி ஒன்றில் மெஷின் பழுது பார்ப்பவர். பேச்சுக்குக் கூலி கேட்பவர் மாதிரி ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். பொற்கொடி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். கம்பெனி ஆட்களின் எண்ணெய் படிந்த சட்டை, பேன்ட், கையுறை எல்லாவற்றையும் வாங்கித் துவைத்துக் கொடுப்பது அவள் தொழில். துவைப்பது பெரிதில்லை, பிழிவதுதான். காடாத் துணி மாதிரி கனமான சட்டைகள். நாள் ஒன்றுக்கு எண்பது, நூறு பிழிந்து, மணிக்கட்டு இரண்டும் வீங்கி, சோற்றைப் பிசையவே முகம் சுளிப்பாள். சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். சன்னல் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

கருப்பசாமிக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. பெண்டாட்டிக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லத் தெரியாத மனுஷன், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு குண்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பொது வாசலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் மதியத் தூக்கம் அத்தோடு போயிற்று.

முடிவில் நின்றது ஒரு பிழியும் மெஷின். இடுப்பு உயர இரும்புச் சட்டத்தில் மேலொன்று கீழொன்றாக, ரப்பர் போர்த்திய இரண்டு உருளைகள். பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி, அதன் மேல் கரன்ட்டில் ஓடும் பம்ப். அந்தப் பம்ப் எண்ணெயைக் கறுப்பு ட்யூபில் தள்ளும், எண்ணெய் போய்க் கீழ் உருளையைச் சுற்றும். இன்னொரு சின்ன ட்யூப் வழியாகப் போகும் எண்ணெய், மேல் உருளையைக் கீழே வைத்து அமுக்கும்.

"எண்ணெய் எப்படிப்பா உருளையைச் சுத்தும்? விளக்கெரிக்கத்தானே அது?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"உள்ள பல்லுச் சக்கரம் இருக்குக்கா. எண்ணெய் அதைத் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய போவும். வேற வழி கிடையாது. மெதுவாத்தான் சுத்தும். ஆனா நம்ம பிடிச்சு நிறுத்த முடியாது."

அன்றைய நாலு வார்த்தையைத் தாண்டிவிட்டார் என்பதால் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தோம்.

கால்நடைப் பண்ணையில் வேலை செய்யும் முனிசாமி, இரண்டாம் வீட்டுக்காரர், காளைகளையே மூக்கணாங்கயிற்றில் நிறுத்துகிறவன் நான் என்று மீசையைத் தடவினார். "இதென்னா சாமி, பாட்டி நடக்கிற மாதிரி சுத்துது. நான் நிறுத்தறேன் பாரு."

கருப்பசாமி ஒரு தாம்புக்கயிற்றை உருளையில் சுற்றி, மறுமுனையை முனிசாமியின் மொபெட்டில் கட்டினார். முனிசாமி மொபெட்டில் உட்கார்ந்து இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டார். உருளை அதே பாட்டி நடையில் சுற்றியது. சத்தம் ஏறவில்லை, வேகம் குறையவில்லை. மொபெட், அதன் மேல் எண்பது கிலோ முனிசாமி, இரண்டும் சக்கரம் சுற்றாமலே சிமென்ட் தரையில் தேய்ந்தபடி வந்தன. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். முக்கி முனகி இழுக்கிற எதைக் கண்டும் எனக்குப் பயமில்லை. இது முக்கவே இல்லை.

முதல் சட்டை உள்ளே போனபோது 'டக், டக், டக்' என்று கேட்டது. பொத்தான்கள். அந்தப் பக்கம் வந்த சட்டை அப்பளம் மாதிரி இருந்தது. பொற்கொடி கைதட்டினாள். அதற்குப் பிறகு பொத்தான் உள்ள சட்டைகளை மடித்து, பொத்தானை வெளியே விட்டு நுழைக்கக் கற்றுக்கொண்டாள். உருளையை உள்ளே இழுக்க வைக்கவும், நிறுத்தவும், திருப்பி வெளியே தள்ள வைக்கவும் சட்டத்தின் இடது பக்கம் ஒரு லிவர் இருந்தது. "எது நடந்தாலும் லிவரைப் பின்னால தள்ளு" என்று கருப்பசாமி அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சுவர் வழியாக எனக்கே மனப்பாடம்.

எங்கள் வீட்டு ஓனர் கெம்பம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முதல் வீடு. வாய் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் கோபப்பட்டுத் தமிழில் முடியும். எட்டு வீட்டுக்கும் கரன்ட் போகிற பெரிய ஃபியூஸ் கட்டை அவர் வாசல் சுவரில்தான் இருக்கிறது, பீங்கானில், அந்தக் காலத்துச் சமாசாரம். போன வருஷம் ஆறாம் வீட்டில் ஒருத்தி வெந்நீர்க் கம்பியை வாளியில் போட்டபடியே கையை விட்டு ஷாக்கடித்துக் கத்தினாள். கெம்பம்மா ஓடிப் போய் அந்தக் கட்டையைப் பிடுங்கினார், அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. யார் வீட்டில் கத்தல் கேட்டாலும், கேட்டவர் முதலில் கட்டையைப் பிடுங்க வேண்டும், அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்க வேண்டும்.

எங்கள் வரிசையில் அது ஒரு பழக்கமாகவே ஊறிவிட்டது. பல்லி விழுந்ததற்குப் பிடுங்கினோம். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததற்குப் பிடுங்கி ஐந்தாம் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினோம். ஆறு மாதத்தில் நான் மட்டும் நான்கு முறை பிடுங்கியிருக்கிறேன். கத்தல் முதலில் கேட்கும் காது யாருடையது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஆண்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். முனிசாமி மட்டும் லீவு போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நான் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு, கல் இல்லாத அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாலடி தள்ளிப் பொற்கொடி சட்டைகளை உருளைக்குள் விட்டுக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி அவள் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ பெண் பார்க்க வந்திருந்தார்கள். எனக்கு மாப்பிள்ளையின் சம்பளம் வரை கேட்டாகிவிட்டது, ஊர் மட்டும் சரியாகக் கேட்கவில்லை. அதற்காகக் கழுத்தை நீட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். மேலிருந்து கால் வரை ஒன்றாய்த் தைத்த கம்பெனி உடுப்பு ஒன்று. அதன் ஈரமான கை, பொற்கொடியின் வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அவள் கவனிக்கவில்லை. உருளை அதே நடையில் துணியை இழுத்துக்கொண்டிருந்தது. துணி இழுக்க, அவள் கை போயிற்று. விரல்கள் போயின. போன் தரையில் விழுந்தது.

"யக்கா!"

அவ்வளவுதான் கத்தினாள். அந்த ஒரு கத்தலில் என் கால் தானாக எழுந்தது. அவளை நோக்கி அல்ல. எதிர்ப்பக்கம், கெம்பம்மா வாசலுக்கு. பத்து எட்டு வைத்தால் போதும். ஓடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பொற்கொடி இடது கையை லிவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கட்டையைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன். வந்துவிட்டது. கையில் வைத்திருக்கப் பயந்து வீசினேன். துவைக்கிற கல்லில் பட்டு மூன்று துண்டானது.

பம்ப் நின்றது. உருளை நின்றது.

"நின்னுடுச்சு, நின்னுடுச்சு! பயப்படாதே, கையை எடு" என்று ஓடி வந்தேன்.

அவள் கையை எடுக்கவில்லை. லிவரைப் பின்னால் தள்ளியிருந்தாள், இடது உள்ளங்கை இன்னும் அதன் மேல்தான் இருந்தது. முன்னும் பின்னும் ஆட்டினாள். உருளை அசையவில்லை.

"கரன்ட்டு... யாரு கரன்ட்டை நிப்பாட்டுனது?" என்று கேட்டாள். கத்தவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிக்சியோ கிரைண்டரோ என்றால் கரன்ட் போனால் பிடி விட்டுப் போகும். இது எண்ணெய். எண்ணெய் போன இடத்திலேயே அடைபட்டு உட்கார்ந்துவிட்டது. சுற்றவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று அவள் கையைக் கடித்துக்கொண்டு மெஷின் சும்மா நின்றது.

அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு ரப்பருக்கும் நடுவிலிருந்து அவளுடைய ஐந்து விரல்களும் முழுதாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, நகத்தில் போன வாரம் வைத்த மருதாணியோடு. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. விரல்கள் மட்டும் வீங்கிச் சிவந்து, நான் பார்க்கப் பார்க்க நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"ஏனாயித்து? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கெம்பம்மா முந்தானையை இழுத்துச் செருகியபடி வந்தார். பார்த்தார். "அய்யோ தேவரே! சாந்தம்மா, கட்டை பிடுங்கினியா?"

"பிடுங்கிட்டேன்மா."

"ஒள்ளே கெலசா, நல்ல காரியம் பண்ணினே. இல்லேன்னா தோள் வரைக்கும் போயிருக்கும்."

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். பொற்கொடி என்னைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

சத்தம் கேட்டு முனிசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு உருளைக்கும் நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பப் பார்த்தார். கடப்பாரை வழுக்கியது, பொற்கொடி பல்லைக் கடித்தாள். காளையை நிறுத்துகிறவர் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"கரன்ட்டு வந்தாத்தான் இது விடும். நான் கொடுக்கறேன்" என்று ஃபியூஸ் சுவர்ப் பக்கம் ஓடினார். கட்டை மூன்று துண்டாகக் கிடந்தது. "இதை யார்மே உடைச்சது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், துணி காயப்போடும் கம்பியில் ஒரு துண்டை முறித்தார்.

நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் லிவரைப் பார்க்கவில்லை. கை வலியிலும் பயத்திலும் பொற்கொடி லிவரை ஆட்டிக்கொண்டே இருந்தாளா, அது மறுபடி முன்பக்கம் வந்து நின்றிருந்தது.

முனிசாமி கம்பியைச் செருகினார். பளீரென்று ஒரு நீல வெளிச்சம். மோட்டார் 'ம்ம்' என்று ஒரு மூச்சு விட்டது. அந்த ஒரு மூச்சில் உருளை இரண்டு விரற்கடை சுற்றியது. உள்பக்கமாக.

பொற்கொடி அப்போது போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு எலும்பு தாண்டி உள்ளே போய்விட்டது. உடனே தெருக்கோடிக் கம்பத்தில் 'டமார்' என்றது. கம்பத்து ஃபியூஸ் போய்விட்டது. முனிசாமி உள்ளங்கை கருகித் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிர் வீடுகளில் ஃபேன் நின்று, "கரன்ட்டு போச்சா?" என்று குரல்கள் கேட்டன. அவர்களுக்கு அதுதான் விஷயம்.

இனிமேல் லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினால்தான் கரன்ட். கெம்பம்மா போன் போட்டார். தொரப்பள்ளிப் பக்கம் இருக்கிறேன், அரை மணி ஆகும் என்றார் லைன்மேன். அரை மணி! நான் போய் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தன. மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீர் பட்டால் இருக்குமே, அப்படி.

"தெரியுதா பொற்கொடி? நான் தொடறது தெரியுதா?"

"தொடுதீகளா?" என்றாள்.

வெடுக்கென்று என் கையை எடுத்துக்கொண்டேன்.

"அவுகளைக் கூப்பிடுங்கக்கா. அவுகளுக்குத்தான் தெரியும்."

கூப்பிடுவது எப்படி? இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலைக்கு உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கருப்பசாமியின் போன் அந்தப் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்புறம் கம்பெனி நம்பரை உடுப்பின் பையில் தைத்திருந்த துணிச்சீட்டைப் பார்த்து அடித்தேன். எடுத்தவர் வாசல் செக்யூரிட்டி. அவருக்கு ஹிந்தி மட்டும்தான். எனக்கு, டப்பிங் ஆகாத சீரியலில் கேட்ட ஏழெட்டு வார்த்தைதான்.

"பையா, கருப்பசாமி. மெயின்டனன்ஸ். பீவி... பீவி கா ஹாத்... மெஷின்... அந்தர்!" பெண்டாட்டி கை மெஷினுக்குள் என்று சொன்னதாக நினைப்பு.

அந்த மனுஷன் எந்த ஊர்ப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைக் கீழே வைக்கும் சத்தமும், பூட்ஸ் ஓடும் சத்தமும் கேட்டன.

போனைக் காதில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவளுடைய சுண்டுவிரல் நகம் மருதாணி நிறத்தையும் தாண்டிக் கறுத்துவிட்டது. கெம்பம்மா அவள் இடுப்பை அணைத்துப் பிடித்து, அவள் சரியாமல் தாங்கிக்கொண்டு, தன் குலசாமியைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் லிவர் இருக்கு?" கருப்பசாமி. ஹலோ இல்லை, என்ன ஆச்சு என்று இல்லை. செக்யூரிட்டி சொன்ன நாலு வார்த்தையிலேயே முழுதும் புரிந்திருக்கிறது.

"கரன்ட்டே இல்லப்பா. கம்பத்துல போயிடுச்சு."

"எவ்வளவு உள்ள போயிருக்கு?"

"மணிக்கட்டு தாண்டி."

"விரலு?"

"கறுக்குதுப்பா."

"கட்டிங் பிளேயர், அரிவாள், எதையும் ட்யூப் பக்கத்துல கொண்டுபோகாதீக. அறுத்தா எண்ணெய் ஊசி மாதிரி பாயும், தோலைத் துளைச்சுப் போயிரும். ஸ்பானர் இருக்கா?"

எட்டு வீடு. அதில் ஐந்து பேர் ஃபிட்டர். கம்பெனியில் ஸ்பானரோடு படுத்து ஸ்பானரோடு எழுகிறவர்கள். வீட்டில் ஒரு ஸ்பானர் கிடையாது. வெளியே வரும்போது வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். கருப்பசாமியின் சொந்தச் சாமான் பெட்டி பூட்டியிருந்தது, சாவி அவர் இடுப்பில். கடைசியில் கெம்பம்மாவின் போர் மோட்டார் அறையிலிருந்து, துருப்பிடித்த, வாய் அகலம் கூட்டிக் குறைக்கும் ஸ்பானர் ஒன்று கிடைத்தது. முனிசாமியின் கை கருகிவிட்டது. கெம்பம்மா பொற்கொடியை விட்டால் அவள் விழுந்துவிடுவாள். மீதி இருந்தது நான்.

"யக்கா, கேளுங்க. மேல் உருளைக்கு மேல கட்டையா ஒரு சிலிண்டர் இருக்கு. அதுக்குப் போற சின்ன ட்யூபு. ட்யூபு சிலிண்டர்ல சேர்ற எடத்துல நட்டு இருக்கும்."

"ரெண்டு நட்டு இருக்கு."

"சிலிண்டரை ஒட்டுனது இல்ல. ட்யூபை ஒட்டுனது. அதுலதான் வைக்கணும். ஈரத்துணியை நாலா மடிச்சு நட்டு மேல போர்த்துங்க. மொகத்தைத் திருப்பிக்கோங்க. கால் சுத்துதான் தளர்த்தணும். முழுசாக் கழட்டினா ட்யூபு பிச்சுக்கிட்டு அடிக்கும்."

கால் சுற்று. என் வாழ்க்கையில் கால் சுற்று என்று எதையும் நான் நிறுத்தியதே இல்லை. கேஸ் ரெகுலேட்டரைக்கூட என் வீட்டுக்காரர்தான் மாட்டுவார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, ஈரச்சட்டை ஒன்றைப் போர்த்தி ஸ்பானரை வைத்தேன். வழுக்கியது. மறுபடி வைத்து இழுத்தேன். அசையவில்லை.

"எந்தப் பக்கம் இழுக்கீக?"

"என் பக்கம்."

"நீங்க எங்க நிக்கீக?"

நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. "கருப்பசாமி, எனக்குத் தெரியாதுப்பா, நான் தப்பாப் பண்ணிருவேன். ஏற்கெனவே..."

"யக்கா." அதே குரல், ஏறவில்லை. "தெருவைப் பாத்து நிக்கீகளா, வீட்டைப் பாத்தா?"

"வீட்டை."

"அப்ப கெம்பம்மா வீட்டுப் பக்கம் தள்ளுங்க. இழுக்காதீக, தள்ளுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய இடத்தில் பொற்கொடியின் முகம், ஒரு முழ தூரத்தில். அவள் கண் என் கை மேலேயே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் இந்தக் கைதான் அந்தக் கட்டையைப் பிடுங்கியது. இப்போதும் இதே கைதான். அவளுக்கு வேறு கை கிடைக்கவில்லை.

தள்ளினேன். 'கிரீச்' என்றது. ஒரு நூல் அசைந்தது. இன்னும் கொஞ்சம். துணிக்கு அடியில் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, சூடான எண்ணெய் துணியை நனைத்து என் முழங்கை வழியாக ஓடியது.

"போதும்! நிறுத்துங்க!" என்றார் கருப்பசாமி, சீறலைப் போனில் கேட்டு.

நிறுத்தினேன். சீறல் மெல்ல மெல்லத் தணிந்து சொட்டாக மாறியது. "இப்ப மேல் உருளையில வெறும் கனம்தான் இருக்கும். ரெண்டு பேர் சேர்ந்து தூக்குங்க. அவ கையை யாரும் இழுக்கக் கூடாது, அவளே எடுக்கட்டும்."

முனிசாமி கருகிய கையை மறந்து ஒரு முனையில் தோள் கொடுத்தார். நான் மறுமுனையில். மேல் உருளை எழுந்தது. பொற்கொடி கையை எடுத்தாள். எடுத்து, அது தன்னுடையதுதானா என்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தட்டையாக, நெசவுத் துணியின் கோடுகள் பதிந்து, நீலமாக இருந்தது. பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

ஆட்டோ ஆனந்தராஜ் சிக்னல் எதையும் மதிக்காமல் ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கருப்பசாமி எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார், கம்பெனிச் செருப்போடு, கையுறைகூடக் கழற்றாமல். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரப்பர் உருளை என்பதால் எலும்பு தூளாகவில்லை, இரண்டு இடத்தில் விரிசல், இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது, மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான் சந்தேகம் என்றார். நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆறு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வரிசையில் அதற்கப்புறம் நான்தான் வீரமங்கை. ஃபியூஸைப் பிடுங்கியதும் சாந்தம்மா, நட்டைத் திறந்ததும் சாந்தம்மா. கெம்பம்மா பால்காரரிடம், காய்கறிக்காரரிடம், பின்தெருவிடம் எல்லாம் சொன்னார். நான் எத்தனையோ பேர் வீட்டுக் கதையைக் கண் காது மூக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். என் கதை ஊருக்குள் போவதைக் கேட்க முதல்முறையாக உடம்பு கூசியது. அப்போது பொற்கொடியின் உள்ளங்கை லிவர் மேல் இருந்தது. கரன்ட் இருந்திருந்தால் உருளை பின்னால் சுற்றிக் கையைத் துப்பியிருக்கும். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று ஒவ்வொரு நாளும் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். ராத்திரி அவள் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கருப்பசாமி மெஷினைச் சரிசெய்து வாசலில் வைத்தார். உருளைக்கு முன்னால் விரல் போகாதபடி கம்பி வலை. எண்ணெயைக் கையாலேயே திறந்துவிட ஒரு திருகு. வரிசை முழுக்கச் சுற்றி நின்றது. ஒரு கையுறைக்குள் ஈரத்துணி அடைத்து, வலையைத் தூக்கி, உருளைக்குள் விட்டார். விரல்கள் உள்ளே போனதும் லிவரைப் பின்னால் தள்ளினார். கையுறை பொத்தென்று வெளியே வந்து விழுந்தது. கண் இமைக்கும் நேரம்தான்.

"பாரு. இவ்வளவுதான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஏன் தள்ளலை?" என்று பெண்டாட்டியைக் கேட்டார். கோபம் இல்லை. அவருக்கு அது விளங்கவே இல்லை, அதனால் கேட்டார்.

பொற்கொடி கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கை எட்டலைங்க" என்றாள்.

எனக்கு நெஞ்சுக்குள் அந்த எண்ணெய்ச் சீறல் கேட்டது. அவள் எனக்காகப் பொய் சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நான் வீட்டுக்குள் போயிருந்தால் முடிந்திருக்கும்.

"எட்டுச்சு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எட்டுச்சு கருப்பசாமி. தள்ளவும் தள்ளினா. நான்தான் அதுக்குள்ள கட்டையைப் பிடுங்கிட்டேன். அவ லிவர்ல கை வெக்கறதைப் பாத்துக்கிட்டே பிடுங்கினேன்."

கெம்பம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, அது தன் சட்டம்தான் என்பது நினைவுக்கு வந்தாற்போல் வாயை மூடினார். கருப்பசாமி என்னைப் பார்த்தார். அவர் கையில் அந்த ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்தார். கையுறையை எடுத்தார். உள்ளே இருந்த துணியை உருவி உதறினார். ரொம்ப நேரம் உதறினார்.

"சொல்லிருக்கணும்" என்றார். "கரன்ட்டை நிறுத்தினா விடாதுன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிருக்கணும்." உள்ளே போய்விட்டார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. நான் மட்டும் நின்றேன். பொற்கொடி எழுந்து வந்தாள்.

"எனக்குத் தெரியும்லக்கா. எதுக்கு நாலு பேர் முன்னாடி?" என்றாள். கட்டிலிருந்து வெளியே தெரிந்த விரல்களை மடக்கிப் பார்த்தாள். மூன்று மடங்கின. மோதிரவிரல் லேசாகத் துடித்தது. சுண்டுவிரல் அப்படியே நின்றது. தினமும் நூறு தடவை அப்படி மடக்கிப் பார்க்கிறாள் என்று எனக்குச் சுவர் சொல்லாமலே தெரிந்தது.

"நாளைக்கு நூத்திப் பத்து சட்டை வருது" என்றாள். "எனக்கு இந்தக் கையால விட முடியாது. இடது கை லிவருக்கு வேணும். நீங்க விடுங்க."

"நானா? பொற்கொடி, வேண்டாம். எனக்கு அதைப் பாத்தாலே..."

"எனக்கும்தான் பயமா இருக்கு. நான் நிக்கலையா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த உருளை முன்னால் நின்றேன். அவள் இடப்பக்கம், லிவர் மேல் உள்ளங்கை. பம்ப் ஓடியது. கீழ் உருளை அதே நிதானத்தில் சுற்ற ஆரம்பித்தது, யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி. என் வளையல்களைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொன்னாள், செருகினேன். ஈரச்சட்டையின் ஓரத்தை எடுத்தேன். அவள் நினைத்தால் ஒரு வினாடி தாமதிக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று தெரியும். தெரிந்தும் வேர்த்தது.

"விடுங்கக்கா. நான் பிடிச்சிருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, சட்டையை எறிந்தேன். அது வலையில் பட்டு அவள் தலையில் விழுந்தது.

"மாலையா போடுதீக? கிட்ட வாங்க" என்றாள் பொற்கொடி, ஈரச்சட்டைக்குள்ளிருந்து.

கிட்டப் போனேன்.